மூடியைத் திறந்தால்: மதுரையில் நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழன்

ஓசூரிலிருந்து இரவு முழுவதும் ஓடிவந்த பேருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டபோது, என் சட்டைப்பையில் ஓடாத கடிகாரம் ஒன்றும் மணிக்கட்டில் ஓடும் கடிகாரம் ஒன்றும் இருந்தன. ஓடாதது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. ஓடுவது செல் போட்ட குவார்ட்ஸ் கடிகாரம், அதாவது இருபத்திரண்டு ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட தொழிலின் விளைச்சல். கைக்கடிகாரங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய ஆலையொன்றில் தரக் கட்டுப்பாடு பார்த்துச் சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். ஒரே அளவில், ஒரே எடையில், ஒரே பளபளப்பில் வந்து விழும் பற்சக்கரங்களில் வேறுபட்டு நிற்பதைக் கண்டுபிடித்துக் குப்பையில் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஆகவே கைவேலைக் கடிகாரங்களைப் பற்றி நான் எழுதுவதை, எதிர்க்கட்சிக்காரன் எழுதுவதாகக் கொண்டே படிக்கவும்.

மதுரையில் எனக்கு இரண்டு வேலைகள். ஜனதாவைப் பழுதுபார்க்கக் கொடுப்பது முதலாவது. நண்பர் ஒருவரின் மாமனார், ஓய்வுபெற்ற மருத்துவர், கே.கே. நகரில் இருக்கிறார், அவரிடம் கையால் முடித்த ஜெர்மானியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்ப்பது இரண்டாவது. இத்தகைய கடிகாரங்களுக்கு இத்தனை லட்சம் ஏன் என்று ஆலையில் இருந்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். எல்லாம் விளம்பரம் என்று பதிலையும் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் அறை எடுத்துக் குளித்துவிட்டு, டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் கடைக்குப் போனேன். நாலடி அகலம் இருக்கும். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் பின்னால் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், வலக்கண்ணில் செருகிய கருப்பு லென்ஸ். செல் மாற்ற ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. என் முறை வந்தபோது ஜனதாவைக் கொடுத்தேன். கத்திமுனையால் மூடியைத் தட்டித் திறந்து, லென்ஸை நெருக்கிப் பார்த்தவர் தலையைத் தூக்காமலே, "யாரோ கை வச்சிருக்காங்களே தம்பி" என்றார்.

அந்த யாரோ நான்தான். மூன்று மாதங்களுக்கு முன், இத்தனை ஆண்டுக்காலம் இதே பாகங்களைப் பார்த்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று வீட்டில் மேசை விளக்கின் கீழ் அதைத் திறந்தேன். சிமிட்டா என்ற சிறு இடுக்கி வழுக்கி, ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லின் வெளிச்சுருள் நெளிந்தது; திருப்புளி வழுக்கி ஒரு திருகின் தலையிலும் வடு விழுந்தது. இதைக் கடையில் சொல்லவில்லை. "எண்ணெயும் காஞ்சு போச்சு, சுருளும் படுத்திருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க" என்று பெரியவர் சொன்னதும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

அதற்கு முன் அவர் ஒன்றைக் காட்டினார். கழற்றிய மூடியின் உட்புறத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தால், ஊசியால் கீறியதுபோல மூன்று சிறு குறிகள் தெரிந்தன. ஒன்றில் '4-83' என்பது தெளிவாகப் படித்தது. மற்ற இரண்டும் எழுத்துகள். பழுதுபார்ப்பவர்கள் தாம் திறந்த கடிகாரத்தின் மூடியில் இப்படிக் கீறி வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அடுத்தமுறை திறக்கும்போது எப்போது எண்ணெய் போட்டோம் என்று தெரிய வேண்டும் அல்லவா. அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டியிருந்த கடிகாரத்துக்குள் இப்படி ஒரு பதிவேடு இருந்ததை, அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜனதாவைக் கைவேலை என்று சொல்ல முடியாது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய கடிகார உற்பத்தி, முழுக்க முழுக்க ஆலை உற்பத்திதான். லட்சக்கணக்கில் செய்தார்கள், அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் மாப்பிள்ளைகளும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அதன் உயிர் இயந்திரக் கடிகாரத்தின் உயிர். காலையில் சாவி கொடுத்தால் உள்ளே சுருண்ட வில் தளர்ந்து பற்சக்கரங்களைத் தள்ளுகிறது; அந்தத் தள்ளலை, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை, நிறுத்தி நிறுத்தி விடுகிறது. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. இந்த ஆட்டத்துக்குத் தாளம் கொடுப்பது தலைமுடியைவிட மெல்லிய அந்த ஹேர் ஸ்பிரிங்தான். நான் நெளித்ததும் அதைத்தான்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது என்பதால், மின்சுற்று அதைப் பதினைந்து முறை பாதியாக்கிச் சரியாக ஒரு நொடியை எடுத்துக்கொள்கிறது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து நொடி முன்பின் போகும். ஸ்விட்சர்லாந்தில் சோதித்துச் சான்றிதழ் பெற்ற உயர்ரக இயந்திரக் கடிகாரத்துக்கோ ஒரு நாளைக்கே நான்கு நொடி பிந்தவும் ஆறு நொடி முந்தவும் அனுமதி உண்டு. நேரம் காட்டுவதுதான் கடிகாரத்தின் வேலை என்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. 1969 டிசம்பர் 25 அன்று சீகோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 4,50,000 யென்; ஒரு கார் வாங்கும் பணம். பதினான்கே ஆண்டுகளில், 1983இல், வெறும் 51 பாகங்களோடு பிளாஸ்டிக் உடலில் ஸ்வாட்ச் என்ற மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் வந்துவிட்டது. அந்த விலைச் சரிவை நான் இன்றும் மனித சாதனைகளில் ஒன்றாகத்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஸ்வாட்சுக்கு மூடி கிடையாது. செல் போட ஒரு சிறு வாய் உண்டு, அவ்வளவுதான். இயந்திரம் உடலோடு சேர்த்தே கட்டப்பட்டது, கெட்டால் தூக்கிப் போடுவதற்கென்றே வடிவமைத்தது. ஊசியால் கீறுவதற்கு அதில் இடமே இல்லை என்பது இன்று அந்தச் சந்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

மருத்துவர் ஐயா காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். காபி வந்தது, பிறகு ஒரு மஞ்சள் பிளானல் துணியும், அதன் மேல் அந்தக் கடிகாரமும். ஏ. லாங்கே உண்ட் ஸோனே நிறுவனத்தின் '1815'. நிறுவனர் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே பிறந்த ஆண்டுதான் அதன் பெயர். மகனும் மகளும் சேர்ந்து அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். விலையை நான் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கலாம் என்று அவரே சிரித்தார்.

முகப்பைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளை முகம், கருப்பு எண்கள், நீல முட்கள், கீழே ஒரு சிறு நொடிவட்டம். அப்பாவின் ஜனதாவும் தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். "திருப்புங்க" என்றார் ஐயா. திருப்பினேன். அதன் மூடி கண்ணாடி.

உள்ளே முக்கால்வாசி இடத்தை மூடியிருந்த தகடு, வெள்ளியும் இல்லாமல் தங்கமும் இல்லாமல் இளமஞ்சள் ஏறிய ஒரு வெண்மையில் இருந்தது. அது ஜெர்மன் சில்வர். நம் வீடுகளில் குங்குமச் சிமிழும் தட்டும் வாங்குகிறோமே, அந்தக் குடும்பம்தான். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, பெயரில் மட்டுமே வெள்ளி. இந்த ஆலையில் அதற்கு முலாம் பூசாமல் விடுகிறார்கள். பூசாமல் விட்டால் காலப்போக்கில் அது நிறம் முதிரும். பூட்டும்போது விரல் பட்டால் ரேகை படிந்துவிடும், மறைக்க வழியில்லை. எங்கள் ஆலையில் எளிதில் கறைபடும் உலோகத்தை யாராவது பரிந்துரைத்திருந்தால், நானே அந்தத் தாளில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருப்பேன்.

ஐயா தன் பழைய லென்ஸைக் கொடுத்தார். அதில் நான் பார்த்ததை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். தகட்டின் மேல் ஒரே அகலக் கோடுகள் அலையலையாக ஓடுகின்றன. தகட்டின் விளிம்பு செங்குத்தாக முடியாமல், சாய்வாகச் செதுக்கப்பட்டுக் கண்ணாடிபோல் மினுக்கப்பட்டிருக்கிறது. கடிகாரத்தை மெல்லச் சாய்த்தால் ஒரு வெளிச்சக் கோடு அந்த விளிம்பில் எங்கும் அறுபடாமல் ஓடி வருகிறது. சிவப்புக் கற்களைச் சுற்றித் தங்க வளையங்கள், அவற்றைப் பிடிக்கும் நீலத் திருகுகள். ஒரு சிறு எஃகுத் தகடு ஒரு கோணத்தில் வெள்ளையாகவும், ஒரு மயிரிழை சாய்த்தால் மைபோலக் கருப்பாகவும் மாறியது. முழுக்கச் சமதளமாக இருந்தால்தான் ஒளி ஒரே பக்கம் திரும்பி இப்படிக் கருக்கும். வெள்ளீயத் தட்டில் பசை வைத்து விரலின் அழுத்தத்தால் தேய்த்துத்தான் அதை எட்டுகிறார்கள், சிறு துகள் ஒன்று சிக்கினாலும் கீறல் விழுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தில் பூவும் கொடியுமாகச் செதுக்கல். அதைச் செதுக்குவது உளி பிடித்த ஒரு மனிதர். ஒருவர் வெட்டும் வளைவு இன்னொருவருக்கு வராது என்பதால், பார்த்தவுடனே இது யார் கை என்று அந்தப் பட்டறையில் சொல்லிவிடுவார்களாம்.

இவை எதனாலும் கடிகாரம் ஒரு நொடிகூடத் திருத்தமாக ஓடாது. விளிம்பைச் சாய்ப்பதற்குத் தொழில்முறைக் காரணங்கள் ஒரு காலத்தில் இருந்தன, பிசிறு உதிர்ந்து சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதுபோல. இன்று அவற்றை இயந்திரமே தீர்த்துவிடும். அதைத்தான் ஐயாவிடம் கேட்டேன். அவர் நாற்பது ஆண்டு அறுவை சிகிச்சை செய்தவர். "வயித்தைத் தைக்கும்போது உள்தையலை நோயாளி என்னைக்காவது பார்ப்பாரா?" என்று திருப்பிக் கேட்டார். நல்ல பதில்தான், ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. உள்தையல் பிரிந்தால் ஆள் பிழைக்க மாட்டார், இங்கே விளிம்பு மினுங்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பயனுக்குத் தேவையில்லாத இடத்தில் இத்தனை மணிநேரத்தைக் கொட்டியிருப்பதைத்தான் நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு ஐயா சொன்ன ஒரு விவரம் எனக்குப் புதிது. இந்த இயந்திரத்தை ஒருமுறை பூட்டி, ஓடவிட்டுத் திருத்தி, மறுபடியும் முழுதாகப் பிரித்துக் கழுவி, மெருகு வேலைகளை முடித்து, இரண்டாம் முறை பூட்டுகிறார்கள். முதல் பூட்டலில் போடும் திருகுகள் தற்காலிகமானவை. நீலத் திருகுகள் இரண்டாம் பூட்டலுக்கென்று காத்திருக்கும். உற்பத்திக் கணக்குப் போட்டு வளர்ந்த என் மூளை இதைக் கேட்டு உண்மையாகவே வலித்தது. அந்த நிறுவனத்தின் வரலாறும் இப்படிப் பிரித்துப் பூட்டியதுதான்: 1845இல் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் தொடங்கியது, 1948இல் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் அரசுடைமையாகிப் பெயரே மறைந்தது, பெர்லின் சுவர் விழுந்தபின் 1990இல் நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மறுபடி பதிவு செய்து, 1994இல் முதல் கடிகாரங்களை வெளியிட்டார்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான பிரிவினை செய்ய வேண்டும். 'கைவேலைக் கடிகாரம்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றின் பாகங்களை வெட்டுவது கணினி வழிநடத்தும் இயந்திரங்கள்தான், ஐயாவுடையதும் அப்படியே. கை நுழைவது முடிப்பிலும் செதுக்கலிலும் பூட்டலிலும். பாகம் வெட்டுவது முதல் கையே செய்தது என்று சொல்லத்தக்கவர்கள் மிகச் சிலர். ஸ்விட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் பிலிப் துஃபூர் 2000இல் வெளியிட்ட 'சிம்ப்ளிசிட்டி' மூன்று முட்கள் மட்டுமே கொண்ட எளிய கடிகாரம். சுமார் 200தான் செய்தார். அவர் விளிம்புகளை மினுக்குவது ஜென்ஷன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டால். இரண்டு சாய்விளிம்புகள் உள்நோக்கிச் சந்திக்கும் உட்கோணம்தான் அவருடைய கையொப்பம் என்பார்கள். சுழலும் வெட்டுமுனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உருண்டை உருண்டைதான், ஆகவே உட்புற மூலையில் அது ஒரு வளைவை விட்டுத்தான் போகும். கத்திபோல் கூர்மையான உட்கோணத்தை அரமும் தண்டும் பிடித்த கைதான் எட்ட முடியும். எங்கள் ஆலையின் வரைபடங்களில் உட்கோணம் வந்த இடமெல்லாம் ஆரம் குறிக்கப்பட்டிருக்கும். அது இயந்திரத்தின் வரம்பு என்று நினைத்ததே இல்லை, கடிகாரத்தின் இயல்பு என்றே நினைத்துவிட்டேன்.

மதியம் ஐயா வீட்டிலேயே சாப்பாடு. மாலையில் மனைவி சொல்லியனுப்பிய சுங்குடிச் சேலைக்காக மாசி வீதியில் ஏறி இறங்கினேன். கடைக்காரப் பெண் இரண்டை விரித்துப் போட்டார். அச்சில் போட்டதில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றன. சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் முக்கியதில் ஒரு புள்ளிபோல் இன்னொன்று இல்லை. சில நீண்டிருந்தன, சிலவற்றின் நடுவில் சாயம் ஒரு துளி ஏறியிருந்தது. புவிசார் குறியீடு 2005லேயே கிடைத்தும், மலிவான அச்சுத் துணிதான் கடைகளில் மலைபோல் கிடக்கிறது. "கைமுடிச்சுன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன். "ஒண்ணுபோல இருந்தா அது கைமுடிச்சு இல்ல சார்" என்றார்.

அறைக்குத் திரும்பியபின் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை; காரணம், அதற்கு நேரெதிரான ஒரு கதை எனக்குத் தெரியும். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் ஒரு கடிகாரத்தின் ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் தனியொருவராகச் செய்யக்கூடியவராக இருந்தார். ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் தாமே செய்த பைக்கடிகாரத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதைப் பார்த்தால் கையால் செய்தது என்று தெரிகிறது என்பதுதான் டேனியல்ஸ் கண்ட குறை. செய்த கையின் சுவடு தெரியாமல், தானே உருவானதுபோல இருக்க வேண்டும் என்றார். ஸ்மித் திரும்பிப் போய் ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்து இரண்டாவது கடிகாரத்தோடு வந்தபோதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்டார். சுங்குடியில் கை தெரிவது அழகு. கடிகாரத்தில் கை தன்னைத் துடைத்துக்கொண்டு போவதுதான் அழகு, ஒரு பாலத்தின் செதுக்கலைத் தவிர. சக்கரங்களைத் துடிப்புக்குத் துடிப்பு நிறுத்தி விடுவதற்கு டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்ஸியல் அமைப்பை 1999இல் ஸ்விஸ் நிறுவனமான ஒமேகா தன் ஆலை உற்பத்தியில் சேர்த்துக்கொண்டது என்பதையும் என் கட்சியின் சார்பில் குறித்து வைக்கிறேன். ஒரு மனிதர் மேசையில் கண்டதை ஆலை பெருக்கிக் கொடுக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான்.

மூன்றாம் நாள், சனி

ஜனதா நாளைதான் கிடைக்கும் என்பதால் ஒரு நாள் கையில் இருந்தது. கோயிலுக்குப் போயிருக்கலாம், ஆனால் நேற்றைய கடிகாரம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால், ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறித் திண்டுக்கல் போனேன். கடிகாரத்துக்கு மிக நெருங்கிய பங்காளி பூட்டு என்பது என் எண்ணம். இரண்டிலும் வில் இருக்கிறது, மயிரிழை அளவில் பொருந்த வேண்டிய தகடுகள் இருக்கின்றன, மூடியபின் யாரும் பார்க்காத உட்புறம் இருக்கிறது.

தெரிந்தவர் மூலம் வழி கேட்டு ஒரு வீட்டுப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கொட்டகை, ஒரு பட்டறைப் பிடி, ஆணியில் தொங்கும் ஏழெட்டு அரங்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பித்தளை நெம்புகோல் தகடொன்றைப் பிடியில் இறுக்கி அராவிக்கொண்டிருந்தார். இரண்டு இழுப்பு, எடுத்துச் சாவியோடு வைத்துப் பார்த்தல், மறுபடி ஒரு இழுப்பு. அளவுகோல் எதுவும் பக்கத்தில் இல்லை. தகடு சாவியின் பல்லுக்கு ஏற்ப எழும்பும்போது ஒரு சிறு ஓசை வந்தது. அந்த ஓசை வந்தவுடன் நிறுத்திவிட்டார். அடுத்த தகடு. "அளந்து வெட்டுனா ஒரு சாவி இன்னொரு பூட்டுக்கும் சேந்துரும்ணே. அராவுனாத்தான் அதுக்குன்னு ஒரு சாவி" என்றார். ஒன்றுபோல் இராமை இங்கே அலங்காரம் இல்லை, பாதுகாப்பு. வேறுபாட்டைக் குப்பையில் போட்டே ஓய்வுபெற்றவன் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் வந்தது. அடுத்த ஆண்டு, 2020இல், ஸ்விட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து கேட்டுக்கொண்டபடி இயந்திரக் கடிகாரத் தொழில்திறன் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அங்கே அந்தத் திறனுக்குப் பள்ளிக்கூடங்களும், வாங்குவதற்கு ஐயாவின் பிள்ளைகளைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். இங்கே அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு அந்த அரம் மல்லுக்கு நிற்கிறது. இவருடைய மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். ஒரே அரம், ஒரே குனிந்த கழுத்து, ஒரே காதுக் கணக்கு. ஒன்றை ஆடம்பரம் என்கிறோம், மற்றதில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். நானும் குறைக்கச் சொல்லிக் கேட்டேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன். அறையில் மேசை மேல் இருக்கிறது. இந்த வரியை எழுதும் நேரத்தில் மூன்று முறை பூட்டித் திறந்துவிட்டேன்.

நான்காம் நாள், ஞாயிறு

சந்தில் மற்றக் கடைகள் அடைத்திருந்தன. பெரியவர் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. ஜனதா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் கீழ் மூடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேலன்ஸ் சக்கரம் தங்க நிறத்தில் முன்னும் பின்னும் ஆடியது. அதன் நடுவில் ஹேர் ஸ்பிரிங் சுருங்கி விரிவது மூச்சு விடுவதுபோல இருந்தது. நெளிந்த சுருளை இரண்டு சிமிட்டாக்களால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் ஆனதாம். வேறு பேலன்ஸ் மாற்றியிருக்கலாமே என்றேன். 2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தபின் புதுப் பாகம் வருவதில்லை. பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய பாகங்கள் அவர் இழுப்பறையில் நிறைய உண்டு. "மாத்தலாம். ஆனா இது இதோட பிறந்தது" என்றார். அப்போதுதான் உண்மையை ஒப்புக்கொண்டேன். "முத நாளே தெரியும். திருகுல உங்க கைரேகை இருக்கு" என்று சிரித்தார்.

வடு விழுந்த அந்தத் திருகு மட்டும் இன்னும் மாற்றப்படாமல் இருந்தது. ஐயாவின் கடிகாரத்தைக் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். வாங்கி, விரல்களால் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் பார்த்தார். செதுக்கலைப் பற்றியோ தங்க வளையங்களைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

"இந்தத் திருகு நீலம் சூட்டுல வந்ததா, சாயமா?"

"சூடுதான் அண்ணே."

எதுவும் பேசாமல் இழுப்பறையைத் திறந்து, எள்ளளவு திருகு ஒன்றைத் தேடி எடுத்தார். அதன் தலையை மெழுகுபோன்ற ஒரு பசை தடவிய தகட்டில் வட்ட வட்டமாகத் தேய்த்தார்; லென்ஸில் பார்த்தார்; மறுபடி தேய்த்தார். பிறகு பித்தளைத் தூள் பரப்பிய சிறு கரண்டியில் அதை நட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்தார். என்னையும் குனியச் சொன்னார். எஃகு முதலில் வைக்கோல் மஞ்சள் ஆயிற்று, பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தின் ஓரத்திலிருந்து நீலம் புகுந்து வந்து, கண் சிமிட்டும் நேரத்தில் முழுத் தலையும் மயில் கழுத்தானது. கரண்டியை விலக்கிவிட்டார். சுமார் 300 டிகிரி. இன்னும் இரண்டு நொடி விட்டிருந்தால் நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். பார்த்தது அவர் கண் மட்டும்தான்.

அந்த நீலத் திருகு ஜனதாவுக்குள் போனது. சுற்றிலும் ஆலையில் வந்த வெள்ளைத் திருகுகள், நடுவில் இது ஒன்று மட்டும். தரக் கட்டுப்பாட்டில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

மூடியின் உட்புறத்தில், '4-83'க்குக் கீழே, ஊசியால் இந்த மாதத்தையும் ஆண்டையும் கீறினார். எழுநூறு ரூபாய் கேட்டார், சர்வீஸுக்கும் சுருளுக்கும். திருகுக்கு என்ன என்று கேட்டேன். கேட்காததுபோல மூடியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்; சடக்கென்று பொருந்தியது. ஜனதாவின் மூடி எஃகு, ஐயாவுடையதைப் போலக் கண்ணாடி இல்லை. இன்னொரு முறை திறந்து காட்டச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் செல் மாற்ற இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

மாட்டுத்தாவணிக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு கடிகாரங்களும் ஓடுகின்றன. காலை பத்தரைக்கு ஒன்றாக நேரம் வைத்தேன். இப்போது மாலை ஆறு, ஜனதா குவார்ட்ஸைவிட ஏழு நொடி பின்னால் இருக்கிறது.